அழுகை வெடிக்குமா, பொங்குமா, கொட்டுமா? ஆங்கிலத்திலிருந்து டச்சுக்கு, உதவி வேண்டும்

சைக்கிள்காரி, உட்ரெக்ட்
செவ்வாய் இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். வேலை முடிந்து வாரத்தில் ஒரு நாள் மொழிபெயர்ப்பு வகுப்புக்குப் போகிறேன் என்று போன மாதமே இங்கே புலம்பியிருந்தேன். ஆங்கிலத்திலிருந்து டச்சுக்கு. இன்றைக்கு வீட்டுப்பாடம் திரும்பி வந்தது. தாள் முழுக்கச் சிவப்பு மை.

பாடம் ஒரு பக்கக் கட்டுரை, ஆசிரியரே எழுதியது. 2014 ஜூலை 17 அன்று எம்.எச்.17 விமானம் கிழக்கு உக்ரைனில் சுட்டு வீழ்த்தப்பட்டது நினைவிருக்கும். 298 பேர் இறந்தார்கள், அதில் 196 பேர் நெதர்லாந்துக்காரர்கள். ஜூலை 23 அன்று முதல் சவப்பெட்டிகள் ஐண்ட்ஹோவனில் வந்திறங்கின. கட்டுரை அந்த நாளைப் பற்றியது. நெடுஞ்சாலைப் பாலத்தின் மேல் ஒரு பெண் பூவோடு நிற்கிறாள். பக்கத்தில் ஒரு அப்பாவும் பையனும்.

சிக்கல் இதுதான். நாடு முழுக்க ‘அவுட்போரிங் ஆஃப் க்ரீஃப்’, துக்கம் கொட்டுவது. அந்தப் பெண் ‘பர்ஸ்ட் இன்டு டியர்ஸ்’, அழுகை வெடிப்பது. பையன் பதற்றத்தில் ‘பர்ஸ்ட் அவுட் லாஃபிங்’, சிரிப்பு வெடிப்பது. அப்பாவுக்கு ‘அவுட்பர்ஸ்ட் ஆஃப் ஆங்கர்’, கோபம் வெடிப்பது. வானொலிக்கு ‘ஃப்ளட் ஆஃப் மெசேஜஸ்’, செய்தி வெள்ளம். அகராதியைத் திறந்தேன். பர்ஸ்ட் வந்த இடத்திலெல்லாம் அவுட்பார்ஸ்டன் (வெடித்து வருவது) போட்டேன். முதலாவதற்கு அவுட்ஸ்டொர்டிங் (வெளியே கொட்டுதல்), கடைசிக்கு ஓவர்ஸ்ட்ரோமிங் (வெள்ளம்). ஐந்தும் வட்டம். அவுட்ஸ்டொர்டிங் பக்கத்தில் ‘பெந்தெகொஸ்தேவா?’ என்று எழுதியிருக்கிறார். ஓவர்ஸ்ட்ரோமிங் பக்கத்தில் வெறும் கேள்விக்குறி. “அடுத்த செவ்வாய் வரை யோசி” என்றார்.

பின்குறிப்பு: அவுட் என்று எழுதியிருக்கிறேனே தவிர, உச்சரிப்பு அது இல்லை. டச்சில் வெங்காயத்துக்கான சொல் முழுக்க முழுக்க அந்த ஓர் ஒலிதான். அதைத் தமிழில் எழுத எனக்கு வழி தெரியவில்லை. ஆங்கில அவுட் போலப் படித்துக்கொண்டு, வாயைக் குவித்துக்கொள்ளுங்கள்.


ஐந்தரைமணி, ஐண்ட்ஹோவன்
செவ்வாய் இரவு 11.05

சகோ, இந்த ஸ்டொர்டன் என்ற சொல்லால் அடிபட்டவன் நான். கேளுங்கள்.

என் மேசைக்கு எதிரே உட்காருபவரின் அப்பா தவறிவிட்டார். ஒரு வாரம் கழித்து வேலைக்கு வந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே. மனசில் இருப்பதை என்னிடம் கொட்டலாம் என்று சொல்ல நினைத்தேன். அதற்கு டச்சில் ‘இதயத்தை வெளியே கொட்டுவது’ என்று ஒரு தொடர் உண்டு, ஹார்ட் அவுட்ஸ்டொர்டன். நான் அவசரத்தில் அந்த அவுட்டை விழுங்கிவிட்டு, வெறும் ஸ்டொர்டன் என்று மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிட்டேன்.

வெறும் ஸ்டொர்டன் என்றால் வங்கியில் பணம் போடுவது. அல்லது கான்கிரீட் போடுவது. அதாவது, “உன் இதயத்தை என்னிடம் டெபாசிட் செய்யலாம்” என்று எழுதியிருக்கிறேன். மனுஷன் எழுந்து வந்து, முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, “கணக்கு எண் என்ன?” என்றார். அடுத்த நொடி அவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அப்பா போன பிறகு முதல் தடவை சிரித்தேன் என்று பிறகு சொன்னார்.

அதனால் உங்களுக்கு என்ன பயன் என்று கேட்காதீர்கள். எனக்கு இலக்கணம் தெரியாது. கதைதான் தெரியும்.


பழைய கந்தோர், ஸீரிக்ஸே
புதன் காலை 7.20

பிள்ளை, பெந்தெகொஸ்தே எண்டு வாத்தியார் எழுதினதுக்குக் காரணம் இருக்குது. அவுட்ஸ்டொர்டிங் என்ற பெயர்ச்சொல்லை டச்சுக்காரர் அன்றாடம் கனக்கப் பாவிப்பதில்லை. அவர்கள் காதில் அது உடனே பெந்தெகொஸ்தே திருநாளில் சொல்கிற பரிசுத்த ஆவியின் பொழிவாகத்தான் விழும். தேவாலயத்துக்கே போகாதவருக்கும் அப்படித்தான். வினையாகப் பாவித்தால், தம்பி சொன்ன மாதிரி, இதயத்தைக் கொட்டுகிற பொருள் வரும். ஆனால் ஒருவர் இன்னொருவரிடம் விரும்பிக் கொட்டுவது அது. ஒரு நாடே கொட்டாது.

நான் இந்த நாட்டுக்கு 1985-இல் வந்தவன். கனகாலம் உரைபெயர்ப்பாளராக இருந்தேன். அதில் படித்த ஒன்றைச் சொல்கிறேன். ஆங்கிலம் எல்லாத்தையும் ‘பர்ஸ்ட்’ என்ற ஒரே பைக்குள் போடும். டச்சுக்காரர், வந்தது எங்கேயிருந்து, எவ்வளவு நேரம் நின்றது எண்டு பார்த்துப் பெயர் வைப்பினம். அடியிலிருந்து ஊறி வந்தால் ஓப்வெல்லிங். வெல் எண்டால் ஊற்று. யோசியாமல் சட்டென்று ஒன்றைச் செய்தாலும் ‘ஓப்வெல்லிங்கில் செய்தேன்’ என்பினம். காற்று மாதிரி ஒருக்கால் அடித்துப் போனால் ஃப்லாஹ். மழை மாதிரி கொஞ்ச நேரம் பெய்து நின்றால் பவு.

இந்தப் பவு எனக்குப் பிடித்த சொல். மழைக்கும் அதுதான், இருமலுக்கும் அதுதான், அழுகைக்கும் அதுதான். ஹூஸ்ட்பவு தொடர் இருமல். ஹவுல்பவு அழுகை. டிரிஃப்ட்பவு சின்னப் பிள்ளை கடையில் நிலத்தில் உருண்டு அடம்பிடிப்பது. ஒருவர் நல்ல மனநிலையில் இருக்கிறார் என்பதற்கும் ‘நல்ல பவுவில் இருக்கிறார்’ என்பினம். இஞ்சை ஒரு நாளில் நாலு தரம் மழை வந்து போகிறதைப் பார்த்த ஆளுக்கு இது விளங்கும். பவு எண்டால் முடியப்போகிற ஒன்று.


அண்டைவீட்டு பெல்ஜியம், கென்ட்
புதன் மதியம் 1.15

கந்தோர் ஐயா சொன்ன பட்டியலில் ஒன்று விட்டுப்போச்சு: ஸ்ஹீட்டன். சுடுவது, பாய்வது. திடீரென்று வருவதற்கு டச்சில் இதை மிஞ்சிய சொல் இல்லை என்பேன்.

நான் தொலைக்காட்சிக்கு வசன வரிகள் போடுகிறேன். வரிக்கு 42 எழுத்து, இரண்டு வரிக்கு மேல் கிடையாது. இங்கேயும் நெதர்லாந்திலும் குழந்தைகள் நிகழ்ச்சி தவிர மற்றதற்குக் குரல் மாற்றுவதில்லை, அதனால் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. இந்த ஸ்ஹீட்டன் எத்தனை தடவை என்னைக் காப்பாற்றியிருக்கிறது தெரியுமா?

பையன் பதற்றத்தில் சிரித்தானே, அதற்கு ‘இன் டெ லாஹ் ஸ்ஹீட்டன்’. சிரிப்புக்குள் பாய்ந்துவிடுவது. வேண்டாம் வேண்டாம் என்று அடக்கியும் வந்துவிடுகிற சிரிப்பு. ஐந்தரைமணியின் நண்பர் செய்ததும் இதுதான். நம் ‘சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது’ அச்சு அசலாக இங்கே உட்காரும். அவுட்பார்ஸ்டன் போட்டால் பையன் வயிறு குலுங்க உரக்கச் சிரித்த மாதிரி ஆகிவிடும். சாவு ஊர்வலத்தில் அது வேறு காட்சி.

அப்புறம் அந்தப் பெண். இதற்கு ‘ஃபொல்ஸ்ஹீட்டன்’ என்று ஒரு வினை. நிறைந்து பாய்வது என்று சொல்லலாம். கண் நிறையும், தொண்டை அடைக்கும், பேச்சு நிற்கும். கண்ணீர் கீழே விழுந்தாலும் சரி, விழாவிட்டாலும் சரி. இதன் இறந்தகாலம் ‘ஸெ ஸ்ஹோட் ஃபொல்’, அவள் கண் நிறைந்தது. இது அவர்கள் எழுத்தில் இடைவெளியும் புள்ளியும் சேர்த்து 14. ‘ஸெ பார்ஸ்டெ இன் ட்ரானன் அவுட்’ 25. வேகமாகப் பேசும் காட்சியில் அந்தப் பதினோரு எழுத்து எனக்குச் சொத்து மாதிரி.

ஒரு எச்சரிக்கை. இங்கே ஃப்ளாண்டர்ஸில், அதாவது பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியில், தொண்டை அடைப்பதற்கு ‘க்ரொப்’ என்போம். உங்கள் ஊரில் அது ‘ப்ரொக்’. அழுவதற்கு இங்கே ‘வேனன்’ சாதாரணச் சொல். உட்ரெக்ட்டில் அதை எழுதினால் வேதாகமம் வாசிக்கிற மாதிரி இருக்கும், ஹவுலன் போடுங்கள். கோபத்துக்கு எங்களிடம் ‘பிரெஞ்சுக் கோபத்துக்குள் பாய்வது’ என்று ஒன்று உண்டு. அதை மட்டும் வடக்கே கொண்டுபோய்விடாதீர்கள்.


இலக்கணப்புலி, லெய்டன்
புதன் இரவு 8.30

மன்னிக்கவும், கொஞ்சம் குறுக்கே வருகிறேன்.

‘இன் ட்ரானன் அவுட்பார்ஸ்டன்’ பிழையே இல்லை. செய்தித்தாளில் தினமும் வருகிறது. ஆங்கிலத்தில் பர்ஸ்ட், டச்சில் பார்ஸ்டன், இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்த சகோதரிகள். வாசகர் நெருடாமல் படித்துவிட்டுப் போவார். ‘ஃபொல்ஸ்ஹீட்டன்’ என்றால் கண் கலங்கியது. மூலத்தில் அவள் உடைந்து அழுகிறாள். அழுதவளைக் கண் கலங்க வைப்பது மொழிபெயர்ப்பா, திருத்தமா? எழுத்து குறைவு என்பது வசன வரிக்காரரின் கவலை. கட்டுரைக்கு அந்தக் கவலை கிடையாது.

அழகான சொல் கிடைத்துவிட்டது என்பதற்காக எல்லா இடத்திலும் அதைச் செருகுவது புது மொழிபெயர்ப்பாளர்களின் வியாதி. எனக்கும் இருந்தது.


அண்டைவீட்டு பெல்ஜியம்
புதன் இரவு 9.10

புலியாரே, அடுத்த வாக்கியத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நீங்களும் தீர்ப்புச் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. சைக்கிள்காரி, அந்தப் பெண் அழுத பிறகு என்ன செய்கிறாள்?


சைக்கிள்காரி
புதன் இரவு 9.25

அக்கா, அடுத்த வாக்கியம் தமிழில் சொன்னால் இப்படி: “கைமுட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் ஊர்தி பாலத்துக்கு அடியில் நுழையும் முன் பூவைப் போட்டாள்.” அவ்வளவுதான். அழுதுகொண்டே நின்றாள் என்று இல்லை.


அண்டைவீட்டு பெல்ஜியம்
புதன் இரவு 9.32

பார்த்தீர்களா. ஊர்தி வந்துகொண்டிருக்கிறது. குறி பார்த்துப் பூ போட வேண்டும். உடைந்து அழுகிறவளால் முடியுமா?


இலக்கணப்புலி
புதன் இரவு 9.50

முடியும். மனிதர்கள் செய்கிறார்கள். நீங்கள் காட்சியை ஊகித்து மொழிபெயர்க்கிறீர்கள், நான் சொல்லைப் பார்த்து மொழிபெயர்க்கிறேன்.


பழைய கந்தோர்
வியாழன் காலை 6.55

இந்த வாக்குவாதத்துக்கு நான் ஒரு பக்கம் சாய முடியாதவன். ஏனெண்டு சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு விசாரணை. எங்கடை ஊர்ப் பெண் ஒருவர், அகதி விண்ணப்பம். இரண்டு மணித்தியாலம் தண்ணியும் குடிக்காமல் நேராக இருந்து பதில் சொன்னா. எந்த நாள், எந்தச் சந்தி, யார் வந்தது, எல்லாம் ஒழுங்காக. பிறகு அதிகாரி படிவத்தைப் பார்த்துப் பிள்ளையின் பிறந்த தேதி கேட்டார். அவ வாயைத் திறந்தா, சத்தம் வரவில்லை. கண் நிறைஞ்சு போச்சு. ஒரு நிமிசம் இருக்கும். பிறகு தேதியைச் சொன்னா.

பிறகு வந்த அறிக்கையில் அந்த ஒரு நிமிசத்துக்கு ‘ஹவுல்பவு’ எண்டு எழுதியிருந்தது. எழுதினவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. ஆனால் அதைப் படிக்கிற ஆள் என்ன நினைப்பார்? விம்மி விம்மி அழுதிருக்கிறா, நிலை தடுமாறிப் போனா, அதுக்குப் பிறகு சொன்னதை எவ்வளவு நம்பலாம் எண்டு யோசிப்பார். வழக்கறிஞர் என்னட்டைக் கேட்டார், அங்கே நடந்தது என்ன எண்டு. நான் சொன்னேன், ‘ஸ்ஹோட் ஃபொல்’, அழவில்லை. அவர் அதைத் திருத்தமாக எழுதி அனுப்பினார்.

அதனால் புலியார் சொல்வதும் சரி, மூலத்தில் இல்லாததை மாற்றக் கூடாது. ஆனால் மூலம் எண்டு நான் சொல்வது அந்த அறையில் நடந்ததை. சொல் அதுக்குப் பிறகுதான்.


இலக்கணப்புலி
வியாழன் காலை 8.15

ஐயா, இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. உங்கள் அறையில் ஒரு மனுஷி இருந்தார். எங்கள் கட்டுரையில் இருப்பது ஆசிரியர் எழுதிய ஒரு வாக்கியம். ஆனால் நீங்கள் சொன்னது நாள் முழுக்க என் கூடவே வரும்.


சைக்கிள்காரி
வியாழன் மதியம் 12.40

ஐயா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை. சாப்பாட்டு இடைவேளை முடியப்போகிறது, அதனால் சுருக்கமாக அடுத்த கேள்வி. ஓவர்ஸ்ட்ரோமிங் பக்கத்தில் ஏன் கேள்விக்குறி? ஃப்ளட் என்றால் வெள்ளம்தானே? நம் ஊரில் மடை திறந்த வெள்ளம் போலப் பேசினார் என்கிறோம், பக்தர் வெள்ளம் என்கிறோம்.


பழைய கந்தோர்
வியாழன் மாலை 5.30

பிள்ளை, நான் இருக்கிற ஊர் ஸீலாந்து மாகாணத்தில். 1953 ஜனவரி 31 இரவு விடிய பெப்ரவரி 1, கடல் அணைகளை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. இந்த நாட்டில் மட்டும் 1,836 பேர் செத்தவை. எங்கடை தீவில் ஊர் ஊராக மூழ்கினது. என் பக்கத்து வீட்டுக் கிழவிக்கு அப்போது ஏழு வயசு. அவ அதை வெள்ளம் எண்டுகூடச் சொல்ல மாட்டா. ‘டெ ராம்ப்’ எண்டுதான் சொல்லுவா. பேரழிவு. இஞ்சை எல்லாரும் அப்படித்தான், வேறு விளக்கம் தேவையில்லை.

ஓவர்ஸ்ட்ரோமிங் எண்டால் வீட்டுக்குள் தண்ணி வந்த கணக்கு. காப்புறுதிப் படிவத்தில் வருகிற சொல். கடிதம் கனக்க வந்தால் அதைப் போடுவது காதில் ஏறாது. கடிதம், முறைப்பாடு, வசவு இதுக்கெல்லாம் ஸ்டொர்ட்ஃப்லூட் இருக்குது, கொட்டுகிற பெருக்கு. முறைப்பாடு மழையாகவும் பெய்யும், ‘ஹெட் ரேஹன்டெ க்லாஹ்டன்’ என்பினம். ஆனால் உன் கட்டுரையில் வானொலிக்கு வந்தது ஆறுதல் செய்தி. அதுக்கு நான் பெயர்ச்சொல்லே போட மாட்டன். செய்திகள் ‘ஸ்ட்ரோம்டன் பின்னன்’, உள்ளே ஓடி வந்துகொண்டிருந்தன. வினையாகப் போடு. ஆங்கிலம் பெயர்ச்சொல்லில் நிற்கிற இடத்தில் டச்சு நடக்கும்.


ஐந்தரைமணி
வியாழன் மாலை 6.10

கந்தோர் அண்ணா, கண்ணீருக்கு ஒரு வேடிக்கைச் சொல் உண்டே, அதைச் சொல்லவில்லையே? எங்கள் அலுவலகத்தில் ஒருத்தி படம் பார்த்து அழுதால் ‘வாட்டர்லாண்டர்ஸ் வந்துவிட்டார்கள்’ என்பாள். ஏதோ சொந்தக்காரர்கள் வந்த மாதிரி.


பழைய கந்தோர்
வியாழன் மாலை 6.25

ஓம் ஓம். ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே வாட்டர்லாந்து எண்டு ஒரு பகுதி, முழுக்கத் தண்ணியும் புல்லும். அந்த ஊர்க்காரர் வாட்டர்லாண்டர்ஸ். கண்ணிலிருந்து வருவதும் தண்ணி நாட்டுக்காரர்தானே எண்டு பகிடி. இன்னொன்று, ‘குழாய் வாய் வைத்த கண்ணீர்’ அழுவது, ட்ரானன் மெட் டவுட்டன். கெண்டி மூக்கிலிருந்து ஊற்றுகிற மாதிரி. இரண்டையும் சாவுக் கட்டுரையில் எழுதிப்போடாதை பிள்ளை.


இலக்கணப்புலி
வியாழன் இரவு 10.20

சைக்கிள்காரி மடை என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. நோவா கதையில் மழை கொட்டுகிற இடம். ஆங்கில வேதாகமத்தில், பழைய அரசவைப் பதிப்பில், வானத்தின் ஜன்னல்கள் திறந்தன என்று இருக்கும். 1637-இல் அச்சான டச்சு வேதாகமத்தில் வானத்தின் ஸ்லவுஸன். மதகுகள். நம் தமிழ் வேதாகமத்தை எடுத்துப் பாருங்கள்: “வானத்தின் மதகுகளும் திறவுண்டன.” காவிரிக் கரையில் மதகு பார்த்தவருக்கும் டெல்ஃப்ட் பக்கம் மதகு பார்த்தவருக்கும் வானம் ஒரே மாதிரித்தான் திறந்திருக்கிறது. ஜன்னல் வழியாக மழையை யோசிக்க எனக்கு வரவில்லை.

அடுத்தது, நேற்று நான் சொன்னதற்கு எதிரான சாட்சி, நானே கொண்டுவருகிறேன். மத்தேயு 12-இல் “இருதயத்தின் நிறைவினால் வாய் பேசும்” என்று ஒரு வரி. வேதாகமத்தை ஜெர்மனுக்குக் கொண்டுவந்த லூத்தர் 1530-இல் மொழிபெயர்ப்பைப் பற்றி எழுதிய திறந்த மடலில் இதைத்தான் எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறார். லத்தீனைச் சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘இதயத்தின் மிகுதியிலிருந்து வாய் பேசுகிறது’ என்று வரும். எந்த ஜெர்மானியன் இப்படிப் பேசுவான் என்று கேட்கிறார். வீட்டில் இருக்கிற தாயை, தெருவில் விளையாடும் பிள்ளையை, சந்தையில் நிற்கிற ஆளைக் கேள், அவர்கள் வாயைப் பார் என்கிறார். அவர் போட்டது, இதயம் எதனால் நிறைந்ததோ அதனால் வாய் வழிகிறது என்பது போல.

வேடிக்கை என்னவென்றால், நூறு வருஷம் கழித்து வந்த அந்த டச்சு வேதாகமம் லூத்தர் கிண்டல் செய்த வழியிலேயே ‘இதயத்தின் மிகுதியிலிருந்து’ என்று போட்டது. ஆனால் டச்சு மக்கள் வாயில் இன்றைக்கு வரை பழமொழியாக நிற்பது வழிகிற வாய்தான். ஒரே வரி, ஏட்டில் ஒன்று, வாயில் ஒன்று.

இதனால் நான் ‘ஃபொல்ஸ்ஹீட்டன்’ கட்சிக்கு மாறிவிட்டேன் என்று யாரும் எழுத வேண்டாம்.


அண்டைவீட்டு பெல்ஜியம்
வியாழன் இரவு 10.31

எழுதவில்லை. சிரித்துக்கொண்டேன். இன் டெ லாஹ் ஸ்ஹோட்.

அப்பாவின் கோபம் பாக்கி இருக்கிறது. பையன் சிரித்ததும் அப்பா கத்துகிறார், அவ்வளவுதானே? ‘வூடெ-அவுட்பார்ஸ்டிங்’ என்று பெயர்ச்சொல் போட்டால் எரிமலை மாதிரி ஆகிவிடும். எரிமலைக்கும் இதே அவுட்பார்ஸ்டிங்தான். டிரிஃப்ட்பவு போட்டால் அப்பா தரையில் உருளுவார். ‘செருப்பிலிருந்து பாய்ந்தார்’ என்று ஒரு தொடர் உண்டு, வீட்டுக்குள் போடும் செருப்பு. வீட்டுச் சண்டைக்கு நன்றாக இருக்கும், இங்கே இளக்காரம். திட்டு நீளமாக இருந்தால் ஸ்ஹெல்ட்கனொனாடெ, வசவுப் பீரங்கி. நம் வசைமாரிக்கு அவர்கள் வெடிமருந்து சேர்த்துவிட்டார்கள். இது அதுவும் இல்லை.

என் யோசனை ‘ஃபீல் அவுட்’. ஒருவர் மேல் சட்டென்று பாய்ந்து ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்துவது. அவுட்ஃபாலன். சொல்லைப் பிரித்தால் வெளியே விழுவது. கோபம் அவர் கையை மீறி விழுந்துவிட்டது, அவரே எதிர்பார்க்கவில்லை.


ஐந்தரைமணி
வெள்ளி இரவு 7.45

இரண்டு நாளாக எல்லாரும் சொல்லைப் பிய்த்துப் பிய்த்துப் போடுகிறீர்கள், நான் அந்த ஜூலை 23 பற்றி ஒன்றும் எழுதாமல் இருந்தேன். காரணம், அந்த நாளில் நான் இங்கே இருந்தேன்.

வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. அலுவலகத்தில் மதியமே எல்லாரும் கிளம்பினார்கள். ஏ2 நெடுஞ்சாலை மேல் ஒரு பாலம், மிதிவண்டியில் போகிற தூரம். போனேன். விமானங்கள் இறங்குவதற்கு முன் நாடு முழுக்க ஐந்து நிமிடம் தேவாலய மணி அடித்தார்கள். பாலத்தில் நின்றபோது எங்கோ தூரத்திலிருந்து கேட்டது. காற்றாலைகளின் இறக்கைகளைத் துக்கத்துக்கு உரிய சாய்வில் நிறுத்தி வைத்திருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அப்படி ஒரு நிலை இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

40 கறுப்பு ஊர்திகள், ஒன்றன் பின் ஒன்றாக, ஹில்வர்சம் வரை போக வேண்டும். எதிர்ப்பக்கத்துப் பாதையில் போலீஸ் எதுவும் சொல்லாமலே கார்கள் நின்றுவிட்டன. ஜனங்கள் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாலத்தில் சுமார் இருநூறு பேர் இருப்போம். என் ஊரில் ஒரு சாவு வீட்டுக்குத் தெரு முனையிலேயே ஒப்பாரி கேட்கும், பறை கேட்கும். இங்கே இருநூறு பேர், என் பக்கத்துக்காரர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. கீழே டயர் சத்தம். அவ்வளவுதான். ராத்திரி ஆம்ஸ்டர்டாமில் வெள்ளை உடையில் ஊர்வலம் போனார்கள், அதற்கும் ‘மௌன நடை’ என்றுதான் பெயர்.

அவுட்போரிங் ஆஃப் க்ரீஃப் என்று ஆங்கிலத்தில் எழுதினால் சரியாக இருக்கலாம். ஆனால் அன்றைக்கு யாரும் எதையும் கொட்டவில்லை சகோ.


சைக்கிள்காரி
வெள்ளி இரவு 11.50

ஐந்தரைமணி, நன்றி. நான் அப்போது திருச்சியில் கல்லூரியில் இருந்தேன். செய்தியில் பார்த்ததுகூட நினைவில்லை.

உங்கள் பதிவைப் படித்த பிறகு முதல் வாக்கியத்தை அழித்துவிட்டு உட்கார்ந்தேன். துக்கத்தின் பெருக்கு, துக்கத்தின் அலை, துக்கத்தின் பொழிவு என்று எதைப் போட்டாலும் பாலத்தில் சத்தம் வந்துவிடுகிறது. கடைசியில் துக்கம் என்ற பெயர்ச்சொல்லையே எடுத்துவிட்டேன். ‘ஹேல் ஹெட் லாண்ட் லேஃப்டெ மே.’ நாடு முழுவதும் கூடவே வாழ்ந்தது என்று பிரித்தால் வருகிறது, ஆனால் டச்சில் அதுதான் பிறர் துக்கத்தில் பங்கெடுப்பதற்கான சாதாரண வினை. வார்த்தை கொஞ்சம் தணிந்துதான் இருக்கிறது. புலியார் திட்டுவார் என்று தெரியும்.

மற்றவை: செய்திகள் ஸ்ட்ரோம்டன் பின்னன். பையன் ஸ்ஹோட் இன் டெ லாஹ். அப்பா ஃபீல் அவுட். அந்தப் பெண்ணுக்கு இன்னும் முடிவெடுக்கவில்லை. ஒரு வரைவில் அவுட்பார்ஸ்டன், இன்னொன்றில் ஃபொல்ஸ்ஹீட்டன். இரண்டையும் மாற்றி மாற்றிச் சத்தமாகப் படித்ததில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டி, எல்லாம் சரியா என்று கேட்டுவிட்டுப் போனார்.


இலக்கணப்புலி
சனி காலை 9.05

முதல் வாக்கியத்துக்குத் திட்ட மாட்டேன். அந்தப் பெண்ணை அழவிடுங்கள். இது என் கடைசி வேண்டுகோள்.


சைக்கிள்காரி
அடுத்த செவ்வாய் இரவு 10.55

தாள் வந்துவிட்டது. சிவப்பு மை மூன்றே இடத்தில்.

‘லேஃப்டெ மே’ பக்கத்தில் ஒரு சரி. ‘ஃபீல் அவுட்’ பக்கத்தில் இரண்டு சரி, பெல்ஜியம் அக்காவுக்கு. அந்தப் பெண்ணைப் பற்றி வகுப்பிலேயே கேட்டேன். அவுட்பார்ஸ்டன் போட்டிருந்தாலும் மதிப்பெண் குறைக்க மாட்டேன், ஆனால் துடைத்துவிட்டுப் பூ போடுகிறாள் என்பதைப் படித்தவர் யார் என்று எனக்குத் தெரிந்திருக்காது என்றார். புலியார் இதை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது சிவப்பு, கடைசியில் நான் அவளுக்குப் போட்ட ஃபொல்ஸ்ஹீட்டன் சொல்லில்தான். கட்டுரையின் கடைசியில் அந்தப் பெண் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நடந்ததைச் சொல்கிறாள். அங்கே முடிந்த காலத்தில் எழுத வேண்டியிருந்தது. இதற்குத் துணை வினை ‘இஸ்’ வர வேண்டும். நான் ‘ஹேஃப்ட்’ போட்டுவிட்டேன். ஒரு சின்னச் சொல்தானே என்று நினைத்தால், ‘ஹேஃப்ட் ஃபொல்ஹஸ்ஹோட்டன்’ என்றால் புகைப்படச் சுருள் ஒன்றை முழுக்க எடுத்துத் தீர்த்தாள் என்று பொருளாம்.


ஐந்தரைமணி
அடுத்த செவ்வாய் இரவு 11.02

36 படமுமா?